யானை வெடிக்குப் பழகிய நாய்

மகளின் முன்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஓர் இளைஞர் பெரிய நாயொன்றைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளைகள் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு ஓடுவதற்கு வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் யாரோ ‘ஹலோ, ஹலோ’ என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வரிசையில் நின்ற மகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் மற்றக் கரைக்கு வந்துவிட்டேன். அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“கடிக்காது அக்கா, பயப்பிடாதைங்கோ.”

கடிக்காது என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் நாயும் யாரையும் கடிக்கவில்லை. மகள் அன்று ஓடவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் செய்தது சரியா, பிள்ளையின் சந்தோசத்தைக் கெடுத்துவிட்டேனா என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு இப்போதெல்லாம் எதிலும் முடிவு வருவதில்லை.

நாங்கள் இருப்பது மல்லாவியிலிருந்து உள்ளே, வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில். கலியாணம் முடித்து வந்த புதிதில் எனக்கு இருந்த பயமெல்லாம் என் கணவரைப் பற்றியதுதான். கதிர் தள்ளும் காலத்தில் பொழுதுபடும்போது பன்றி வரும். சில நாட்களில் யானை வரும். அவர் ஒரு டோர்ச்சையும் தட்டிச் சத்தம் போட ஒரு தகரத்தையும் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனால், திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அதனால் அவர் வவுனியாவில் ஒரு கூட்டாளியிடமிருந்து ரொட்வைலர் கலப்புக் குட்டியொன்றை வாங்கி வந்தபோது, நான்தான் முதலில் சந்தோசப்பட்டேன். கறுப்பு நிறம், அகன்ற நெஞ்சு. ஒரு வருசத்துக்குள் அது கன்றுக்குட்டியளவு வளர்ந்துவிட்டது. நான் ‘அது’ என்பேன். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ‘அவன்’ என்பார்.

யானை வெடி என்று ஒன்று இருக்கிறது. யானை கலைப்பதற்கு வயல்காரருக்குக் கிடைக்கும் பெரிய வெடி. திருவிழாவில் கொளுத்தும் சீன வெடி மாதிரி இல்லை. அது வெடித்தால் நெஞ்சுக்குள் இடிக்கும், அலுமாரிக்குள் இருக்கும் கிளாஸ் நடுங்கும். ஊரில் மற்ற நாய்கள் அந்தச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். இவர் எங்கள் நாயைக் குட்டியிலிருந்தே அதற்குப் பழக்கினார். வெடியைக் கொளுத்தித் தூர எறிவார். அது வெடித்ததும் சங்கிலியை விடுவார். நாய் வெடித்த இடத்துக்கு நேரே ஓடிப் போய், அங்கேயே நின்று, இவர் கூப்பிடும்வரை குரைக்கும். திரும்பி வந்தால் ஒரு துண்டுக் கருவாடு. சத்தமும் நாயும் ஒன்றாகப் போக, பன்றி என்ன, யானையே திரும்பிப் போய்விடும். இவர் வரம்பில் நின்றால் போதும். பொழுதுபட்ட பிறகு நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அந்தக் காலத்தில்தான்.

பக்கத்துக் காணியில் இருக்கும் அக்காவின் வயலும் எங்கள் வயலை ஒட்டித்தான். அவவின் கணவர் கட்டாரில் வேலை. அவவும் ஆறு வயது மகளும் மட்டும் இருந்தார்கள். “உங்கட ஆளும் நாயும் இருக்கேக்கை எனக்கு என்ன குறை? என்ரை மனிசனை அங்கையே வைச்சிருக்கட்டும் எண்டு சொல்லுங்கோ அரபிக்காரனுக்கு” என்று அக்கா பகிடி விடுவா. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்ததும் சீருடையோடேயே எங்கள் முற்றத்துக்கு வந்துவிடும். நாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து அன்றைய பாடத்தை அதற்குச் சொல்லிக் கொடுக்கும்.

போன வருசம் குளக்கட்டு அம்மன் கோயில் பொங்கலுக்கு நாயையும் கொண்டுபோனோம். ஏன் கொண்டுபோனீர்கள் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அதற்கு முந்தின வருசம் வீட்டில் கட்டிவிட்டுத்தான் போனோம். அது கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கள் உழவு இயந்திரத்தின் பின்னால் றோட்டு நீளத்துக்கு ஓடி வந்து, ஒரு மோட்டார் சைக்கிள்காரரை விழுத்தப் பார்த்தது. அது அறுத்துக்கொண்டு வருவதைவிட நாங்களே கையில் பிடித்துக்கொண்டு போவது நல்லது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம்.

அதன் வாயைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. சனத்துக்குள் யாராவது வாலை மிதித்தால்? தெரியாத பிள்ளை முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால்? போனில் தேடித் தேடி வாசித்தேன். தடுப்பூசிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரை ஆக்கினைப்படுத்தினேன். கன்றுக்குட்டிக்குக் கட்டுவது மாதிரி நைலோன் கயிற்றில் ஒரு வாய்க்கூடு பின்னித் தரச் சொன்னேன்.

“நீர் சொன்னா யானைக்கும் பின்னுவன்” என்று சிரித்துக்கொண்டு பின்னினார்.

“வெடி கொளுத்துவினமெல்லே?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே சொல்லுறன், ஊரிலை வெடிக்குப் பயப்பிடாத நாய் எண்டா இவன் ஒருத்தன்தான். மற்ற நாயள்தான் வெருண்டு ஓடும்.”

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மருத மரங்களுக்குக் கீழே உழவு இயந்திரங்கள் வரிசையாக நின்றன. குடும்பம் குடும்பமாக மூன்று கல் வைத்துப் பானை ஏற்றியிருந்தார்கள். எங்கள் அடுப்பும் அக்காவின் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொரு பானையும் பொங்கும்போது அந்த வீட்டுக்காரர் சீன வெடி கொளுத்தினார்கள். நாய் இவர் காலடியில் படுத்திருந்தது. சரம் சரமாக வெடித்தும் காதைக்கூட அசைக்கவில்லை. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். “நல்ல பழக்கம் அண்ணை, சாமியார் மாதிரிப் படுத்திருக்குது” என்றார் ஒருவர். இவருக்கு முகம் பூரித்தது. எனக்கும்தான். நான் மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டேன்.

அக்காவின் பானை பொங்கி வந்தது. அவவின் மகள் கைதட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அந்த நேரம் அப்பால் நின்ற குடும்பத்தில் யாரோ, வயலில் கொளுத்தி மிஞ்சின யானை வெடி ஒன்றைக் கொண்டுவந்து கொளுத்திவிட்டார்கள். எல்லாரும் காதைப் பொத்தினோம்.

நாய் எழும்பினதை நான் காணவில்லை. இவர் விழுந்ததைத்தான் கண்டேன். சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். நாய் அவரை முழங்காலில் இழுத்துக்கொண்டுபோக, சங்கிலி உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கையை விட்டுப் போனது. வயலில் வெடித்த பக்கம் போவது மாதிரியே நாய் நேரே போனது. நேர் வழியில் அக்காவின் அடுப்பும் பிள்ளையும் இருந்தன. நாயின் நெஞ்சு இடித்துப் பிள்ளை அடுப்பின்மேல் விழுந்தாள். பானை அவளுடைய வலது கையில் கவிழ்ந்தது.

நாய் நிற்கவில்லை. வெடித்த இடத்துக்குப் போய், புகைக்குள் நின்று, வாய்க்கூட்டோடு குரைத்தது. இவர் வந்து கூப்பிடும்வரை நின்று குரைக்கத்தானே அதற்குத் தெரியும். ஆனால் சனத்துக்கு அது தெரியாது.

“விசர் நாய்! விசர் நாய்! பிள்ளையளைத் தூக்குங்கோ!”

“கோயிலுக்கு நாய் கொண்டந்தவை ஆரப்பா?”

“வாய்க்குப் பூட்டுப் போட்டுக் கொண்டந்திருக்கினம், காலுக்குப் போட மறந்திட்டினம்!”

விறகுக் கட்டையால் அடித்தார்கள். அது ஓடவில்லை. அடி வாங்கிக்கொண்டு, இவர் கூப்பிடும் குரலுக்காகக் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. இவர் அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, “கடிச்சதோ?” என்றுதான். இல்லை என்று நான் சொன்னேன். சொல்லும்போதுதான், நான் எதைக் காத்தேன், எதை விட்டேன் என்று எனக்கு விளங்கியது. கடியைப் பற்றியே யோசித்தேன். அவ்வளவு பாரம் ஒரு நேர்கோட்டில் ஓடினால் என்ன நடக்கும் என்று நான் ஒருபோதும் யோசிக்கவில்லை. இப்போது யாராவது கேட்டால் சொல்லுவேன்: பெரிய நாயைச் சனத்துக்குள் கொண்டுபோகிறவர்கள், அது கடிக்குமா என்பதை மட்டும் பாராதேயுங்கோ, என்ன சத்தத்துக்கு என்ன செய்யப் பழகியிருக்கிறது என்று பாருங்கோ, கையால் பிடித்து நிறுத்தலாம் என்று நம்பாதேயுங்கோ. ஆனால் இதைக் கேட்க யாரும் வருவதில்லை.

பிள்ளை கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். முற்றத்துக்கும் இறங்கவில்லை. எங்கள் படலைப் பக்கம் பார்ப்பதுமில்லை. நான் சோறு கொண்டுபோனால் அறைக்குள் போய்விடுவாள். அக்கா என்னை ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“நான் நாயைக் குடுங்கோ எண்டு கேக்கேல்லைத் தங்கச்சி,” என்றா வேலியில் நின்று. “ஆனா பிள்ளை வெளியிலை வருகுதில்லை. நான் என்ன செய்ய?”

அதை இவரிடம் சொன்னேன். இவர் நாயின் முதுகில் இருந்த புண்ணுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் கட்டு இருந்தது.

“அவன் என்ன பிழை விட்டவன்? நான் பழக்கினதைத்தானே செய்தவன்.”

“தெரியும்.”

“அப்ப?”

“எங்கட பிள்ளையா இருந்தா நீங்கள் என்ன செய்வியள்?”

அவர் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். கேட்காமல் விட்டிருந்தால் வேலிக்கு அப்பால் அந்தப் பிள்ளையை எந்த முகத்தோடு பார்ப்பது என்றும் நினைத்தேன்.

காட்டுக்கு உள்ளே மாட்டுப் பட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதாக முடிவானது. இவர் அவருக்கு எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். “சனம் கூடுற இடத்துக்கு இவனைக் கொண்டு போகாதைங்கோ ஐயா. பெரிய வெடி கேட்டா விட்டிட்டு ஓடுவான்.”

“அங்கை ஆர் தம்பி வெடி கொளுத்துறது? மாடும் நானும்தான்” என்றார் அவர்.

வயலுக்குப் போகிறோம் என்று நினைத்து, நாய் தானாகவே உழவு இயந்திரப் பெட்டிக்குள் பாய்ந்து ஏறியது.

அடுத்த போகத்துக்கு இவர் தனியாக வயலுக்குப் போனார். நான் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன். “கதைச்சுக்கொண்டிருந்தா யானை வாறது எனக்கெப்பிடிக் கேக்கும்?” என்று ஏசுவார். எடுக்காமல் என்னால் இருக்கவும் முடியாது.

அப்படி ஒருநாள் பின்னேரம் படலை திறந்த சத்தம் கேட்டது. அக்காவின் மகள் தனியாக வந்து நின்றாள். நாய் கட்டும் இடத்தைப் பார்த்தாள்.

“சித்தி, நாய் எங்கை?”

“அது இப்ப இஞ்சை இல்லையம்மா. நீங்கள் பயப்பிடத் தேவையில்லை.”

“நான் பயப்பிடேல்லை. அதுக்கு அடிச்ச காயம் மாறீட்டுதோ?”

நான் அவளுக்கு முன்னால் குந்தினேன்.

“என்னாலைதானே அதுக்கு அடிச்சவை. நான் குறுக்கை ஓடினதாலைதானே. அதுதான் அதின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் நான் வராமல் இருந்தனான்.”

நாங்கள் மூன்று பெரியவர்கள். வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று எத்தனை நாள் கதைத்திருப்போம். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாளே இவர் நாயைத் திரும்பக் கொண்டுவரப் பட்டிக்குப் போனார். வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார். காட்டுக்குள் யாரோ வேட்டைக்காரர் துவக்கால் சுட்டிருக்கிறார்கள். நாய் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு சத்தம் வந்த பக்கம் ஓடியிருக்கிறது. பிறகு வரவில்லை.

அவர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடப் போகிறார். அந்தக் காட்டுக் கரையில் நின்று யானை வெடி ஒன்றைக் கொளுத்திவிட்டு, உயிரோடு இருந்தால் வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பாராம். மயில் கத்துமாம், குரங்கு கத்துமாம். அவ்வளவுதான். அவர் போகும் நாட்களில் அக்கா சோறு கட்டிக் கொடுத்துவிடுகிறா.

அவர் திரும்பி வரும் நேரத்துக்குப் பிள்ளை எங்கள் வீட்டில் இருப்பாள். போன ஞாயிறு, அக்கா கிணற்றடியில் நின்றபடியால், அவளுடைய கைக்குப் பூசும் மருந்தை என்னைப் பூசிவிடச் சொல்லி அவளிடமே கொடுத்து அனுப்பியிருந்தா. அவள் சட்டைக் கையை மடித்து என் மடியில் வைத்தாள். நான் அந்தத் தோலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இறுகி, வழுவழுப்பாக, வேறொருவருடைய தோல் மாதிரி இருந்தது.

“நோகுதோ அம்மா?”

“இல்லைச் சித்தி. இதிலை தொடுறது எனக்குத் தெரியாது. நீங்கள் வடிவா அழுத்திப் பூசுங்கோ.”

நான் அழுத்திப் பூசினேன்.