ஏழு பத்துக்குத் தட்டுகிறவர்

எட்டியப்பன் எங்கள் கூடத்தை விட்டுப் போகும்போது முதுகைக் காட்டிப் போகமாட்டார். கிழக்குச் சுவரைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, தண்டவாளக் கட்டையைக் குதிகாலால் தடவிக் கண்டுபிடித்து, வளைவு வரைக்கும் அப்படியே போய், அங்கேதான் திரும்புவார். ஒருமுறை பின்னால் வந்த கல் வண்டியில் முட்டிக்கொண்டு விழுந்தார். வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா மேஸ்திரி, ரிவர்சு கியர்லயே போறே? கண்ணு முதுவுல கீதா?"

எட்டியப்பன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "உனுக்கு முன்னாடிதானே கீது? நீ ஏன்டா வந்து இட்ச்சே?"

தங்கவயலில் பூமிக்குக் கீழே ஏழாயிரத்து ஐந்நூறு அடியில் அவருக்கு ஒரே வேலை, கூரை தட்டுவது. ஆறடிக் கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்து, தலைக்கு மேலே உள்ள பாறையை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல பாறை கணீரென்று பதில் சொல்லும். உள்ளே விரிசல் விட்டுப்போன பாறை, பழுத்த பலாவைத் தட்டியதுபோலப் பொத்தென்று சொல்லும். தட்டும்போது வாய் லேசாகத் திறந்திருக்கும். அப்போது யாராவது தும்மினால்கூட முறைப்பார். "உக்காரலாம்" என்று அவர் சொல்லாமல் ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது. சில நாள் அதைச் சொல்லமாட்டார். "இன்னிக்கி மொணமொணன்னுது. அது பாட்டுக்குப் பேசி முடிக்கட்டும், அப்பால வாங்க" என்பார். வெளியே அரைமணி நேரம் வேர்வை வடிய நிற்போம். ஒருநாள் அப்படி நின்றபோது, நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் மாட்டுத்தலை அளவுக்கு ஒரு கல் விழுந்தது. அன்றிலிருந்து அவர் நில் என்றால் நிற்கிறேன்.

கூடம் என்று நான் சொல்வது பம்பாயிலிருந்து வந்த விஞ்ஞானிகளுக்காக நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் ஆய்வுக்கூடம். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மழையாகக் கொட்டுகின்றனவாம். ஒன்றரை மைல் பாறை அந்த மழையை நிறுத்திவிடும். அதையும் மீறி இங்கே வருவது, பூமியையே துளைத்து வரக்கூடிய ஒன்றின் வேலையாகத்தான் இருக்க முடியும். அதுவும் வருடத்தில் சில தடவைதான் தட்டுப்படும். அதைப் பிடிக்கத்தான் இந்தப் பாடு. சுற்றிலும் சுரங்கவேலை நிற்காமல் நடக்கிறது. மத்தியானம் வெடி வைக்கும்போது எங்கள் டீ டம்ளர் தானாக நகரும். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜுக்குள் நுழையாத இரும்புச் சட்டங்களைக் கேஜின் அடியில் கட்டித் தொங்கவிட்டு இறக்கினோம். கண்ணாடிக் குழாய்களைத் தொழிலாளர் வீட்டு லைன்களில் கேட்டு வாங்கிய பழைய சேலைகளில் சுற்றி, ஆளுக்கு இரண்டாகத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தோம். எட்டியப்பன் முன்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "ஓரம் போ, ஓரம் போ, கொயந்த தூங்குது" என்று வழிவிலக்கிக்கொண்டே போனார்.

நான் மைன் எலக்ட்ரீஷியன். கூடத்துக்கு அனுப்பி மூன்று வருடமாகிறது. எட்டியப்பனுக்கு நான் "ஒயரு". பெரிய விஞ்ஞானியான டாக்டர் தாம்லே "தொர". மராத்திக்காரர், எங்கள் லைன்களில் பேசிப் பழகி, எங்களைப்போலவே தமிழ் பேசுவார். கறுப்புத் திரைக்குள் குழாய்களை அடுக்கியிருக்கிறோம். துகள் ஒன்று ஊடுருவிப் போனால் அது போன வழியிலுள்ள குழாய்கள் மட்டும் கண்சிமிட்டும் நேரம் சிவக்கும். எண் காட்டும் பெட்டியில் ஒன்று கூடும். காமிரா அந்த ஒளியையும், பக்கத்தில் தொங்கும் கடிகாரத்தையும் சேர்த்துப் படம் எடுத்துவிடும். இதை நான் எட்டியப்பனுக்கு விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார்.

"அவ்ளோ தூரம் வர்றது, தட்டிட்டு வராதா?"

"தட்டாதுண்ணே. சத்தமே கெடயாது."

"தட்டாம உள்ள வர்றது ரெண்டே பேருதான்டா ஒயரு. ஒன்னு பேயி, இன்னொன்னு கடங்காரன்."

குழாய்ச் சுவரில் முதல் வரிசை எழும்பி, கருவியை ஓடவிட்ட வாரத்திலேயே எண் கூட ஆரம்பித்தது. தினம் ஒன்று. டாக்டர் முதல் நாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்றாம் நாள் முகம் சுருங்கியது. எல்லா நாளும் காலை ஏழு பத்துக்கு!

"வானத்துக்கு ஏதுப்பா டைம் ஆபீஸ்?" என்றார். படத்தில் குழாய்கள் நேர்கோடாக எரியவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி எரிந்திருந்தன. பழி என் ஒயர்மேல் விழுந்தது. எல்லா இணைப்பையும் பிரித்து மறுபடி கட்டினேன். மறுநாளும் ஏழு பத்து.

கடைசியில் ஒருநாள், முறையை மீறி, எட்டியப்பன் வரும்முன்னே நானும் டாக்டரும் உள்ளே போய் விளக்கை அணைத்துவிட்டு, இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் திருடனைப் பிடிக்கிறவர்கள்போல உட்கார்ந்தோம். எட்டியப்பன் தலைவிளக்கோடு வந்து கூரை முழுதும் தட்டி முடித்தார். கடப்பாரையைச் சாத்தினார். கிழக்குச் சுவருக்குப் போய், இடுப்பிலிருந்து ஒரு கைச்சுத்தியை உருவி, பாறையில் நாலு தட்டு தட்டினார். பிறகு காதைப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பிறகு சுத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நடந்து போனார். எங்கள் இரும்புச் சட்டத்தை அந்தச் சுவரில்தான் போல்ட் போட்டு முடுக்கியிருந்தோம். நாலு தட்டின் அதிர்வும் சேர்ந்து அதன்வழியே ஏறி எண்ணை ஒன்று கூட்டியிருக்கிறது. மத்தியான வெடி நேரத்தில் கருவியை நிறுத்திவிடுவோம், இதை எதிர்பார்க்கவில்லை.

"என்ன பண்றார் இவர்?" என்றார் டாக்டர்.

நான்தான் சொன்னேன். எங்கள் லைனில் இந்தக் கதை தெரியாதவர்கள் கிடையாது; அவர் இன்னும் தட்டுகிறார் என்பதுதான் எனக்கும் புதிது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு பக்கக் குடைவு இருந்தது. அதில் எட்டியப்பனின் தம்பி பச்சையப்பனும் இன்னும் இரண்டு பேரும் வேலை செய்துகொண்டிருந்தபோது ஏர்பிளாஸ்ட் வந்தது. இவ்வளவு ஆழத்தில் பாறை, மேலே உள்ள பாரம் தாங்காமல் திடீரென்று தானே வெடிக்கும். அதற்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. குடைவின் வாய் அடைந்துபோயிற்று. மீட்க வந்தவர்கள் சுத்தியால் பாறையைத் தட்டினார்கள். நாலு தட்டுக்கு உள்ளேயிருந்து நாலு தட்டு பதில் வந்தது. இரண்டு நாள் வந்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. தட்டுகிறவன்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அடுத்தவன் வந்து கையில் வாங்கிக்கொள்ளும்வரை சுத்தியைக் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் உள்ளே இருப்பவனை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். மூன்றாம் நாள் காலையில் சுத்தி எட்டியப்பன் கைக்கு வந்தது. ஏழு பத்துக்கு நாலு தட்டு தட்டினார். பதிலுக்குக் காதை வைத்தார். அந்த நேரம் மேலிருந்து உத்தரவு வந்தது: பாறை இன்னும் அசைகிறது, ஆட்களை வெளியேற்றிச் சிமெண்ட் போட்டு அடைத்துவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். சுத்தியை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.

அதை அவர் இன்றுவரை கீழே வைக்கவில்லை. தூங்கும்போதும் இடுப்பில்தான். "எனுக்கு சக்களத்தி அந்த சுத்திதான். நடுவுல பட்த்துகினு கீது" என்பார் அவர் மனைவி குப்பம்மாள். இங்கே ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்றதும், கூரை தட்ட முதல் ஆளாகப் பெயர் கொடுத்ததும் அதனால்தான்.

டாக்டர் நல்ல மனிதர். ஆனாலும் வேலை என்று ஒன்று இருக்கிறதே! மறுநாள் எட்டியப்பனை உட்காரவைத்துப் பேசினார்.

"எட்டியப்பன், இனிமே இங்க தட்டாதீங்க. இல்லன்னா வேற லெவலுக்கு மாத்தச் சொல்லி நான் எழுதவேண்டி வரும்."

வேறு ஆழத்திலுள்ள லெவலுக்குப் போனால் இந்தச் சுவர் பக்கமே வர முடியாது. அது மூன்று பேருக்கும் தெரியும். எட்டியப்பன் கோபப்படவில்லை.

"தொரே, நீ எவ்ளோ நாளா காத்துகினு கீறே?"

"மூணு வருஷமா. இதைக் கட்ட ஆரம்பிச்சதுலேர்ந்தே."

"எதுனா வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"வராதுடா, மூடிட்டுப் போடான்னு ஒர்த்தன் சொன்னா, போய்டுவியா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "போகமாட்டேன்" என்றார். "ஆனா நடுவுல உங்க தட்டு இருந்தா, வந்தது எது, வராதது எதுன்னு எனக்குத் தெரியாது. நாலு நாள் லீவு எடுங்க. நீங்க இல்லாதப்ப மெஷின் எப்படி ஓடுதுன்னு பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

எட்டியப்பன் குடியாத்தத்திலுள்ள மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். போகும்முன் கேஜ் வாசலில் என் தோளைப் பிடித்தார். "நான் இல்லாதப்ப செவுத்துலேர்ந்து எதுனா கேட்டா சொல்லணும், ஒயரு. மறைக்கக்கூடாது." சரியென்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது அது சுலபமாக இருந்தது.

அவர் இடத்துக்குச் சாமிக்கண்ணு என்பவர் வந்தார். அவரும் தட்டினார், "உக்காரலாம்" என்றார். ஆனால் நாங்கள் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தோம். முதல் நாள் ஏழு பத்துக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மாற்றல் கடிதம் டாக்டர் சட்டைப்பையில் தயாராக இருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது.

மூன்றாம் நாள் சாமிக்கண்ணு தட்டி முடித்து டீ குடிக்கப் போய்விட்டார். நானும் டாக்டரும் மட்டும் இருந்தோம். தண்ணீர் எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அந்தச் சொட்டுச் சத்தம் நின்றதுபோல எனக்குத் தோன்றியது. நின்றதா, நான்தான் கேட்கவில்லையா, இன்றைக்கும் சத்தியம் பண்ண முடியாது. திரையின் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று தெரிந்து மறைந்தது. பெட்டியில் எண் கூடியது. காமிரா 'க்ளிக்' என்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கிழக்குச் சுவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"நீ எதையும் தொடலையே?" என்றார் டாக்டர்.

"கைய மடியிலேயேதான் வெச்சிருந்தேன் சார்."

சாயந்திரம் மேலே படத்தைக் கழுவினார்கள். இந்தமுறை சிதறல் இல்லை. கிழக்குச் சுவரில் தொடங்கி எங்கள் குழாய்களின் ஊடே, நூல் பிடித்தாற்போல ஒரே கோடு. பக்கத்தில் கடிகார முள் ஏழு பத்து. மூன்று வருடமாக அவர்கள் எதிர்பார்த்தது இதுதானாம். கேசரி கிண்டினார்கள். டாக்டர் எல்லோருக்கும் கையால் எடுத்துக் கொடுத்தார். அவர் மட்டும் சாப்பிடவில்லை. "தற்செயல்தான். எந்த நேரத்துலயும் வரலாம், இந்த நேரத்துல வந்துச்சு" என்று என்னிடம் வந்து சொன்னார். நான் கேட்கவே இல்லை.

நாலாம் நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் எட்டியப்பன் வந்துவிட்டார். வழக்கம்போலக் கூரையைத் தட்டினார், "உக்காரலாம்" என்றார். கடப்பாரையைச் சாத்திவிட்டுக் கிழக்குச் சுவரிடம் போனார். கை இடுப்புக்குப் போனது. அங்கே நின்றபடி என்னைப் பார்த்தார்.

"எதுனா கேட்டுச்சா, ஒயரு?"

சொன்னால் என்ன ஆகும்? சுவரை உடை என்பார். அது சுமந்து நிற்கும் பாரம் எங்கள் எல்லோர் தலையிலும் வரும். அதைவிட, பதினோரு வருடம் கழித்து ஒருவனுக்கு இப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுப்பது பாவம் என்று பட்டது.

"ஒன்னும் இல்லண்ணே. மெஷின்ல என்னமோ ஒன்னு வந்துச்சு. எட்டு, எட்டரை இருக்கும்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து அவரிடம் நீட்டினார். எட்டியப்பனுக்கு எழுத்துத் தெரியாது. கடிகாரம் பார்க்கத் தெரியும்.

தன் தலைவிளக்கைச் சாய்த்து வெகுநேரம் படத்தையே பார்த்தார். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பின்னோக்கித் தடவிக்கொண்டே போய், அது தொடங்கிய இடத்தில் நிறுத்தினார்.

"இந்தாண்டப் பக்கம்தானே, தொரே?"

"ஆமா. அந்தச் சுவர்லேர்ந்துதான்."

"நீங்க யாரும் தட்லியே?"

"இல்ல."

"எத்தினி வாட்டி?"

"ஒரே ஒரு வாட்டி. இன்னொன்னு எப்ப வரும்னு தெரியாது. வருஷமானாலும் ஆகும். நான் இங்கதான் இருப்பேன்."

எட்டியப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். அழவில்லை. சுவரை உடை என்றும் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து சுத்தியை உருவினார். நாலு தட்டுக்காக நான் காத்திருந்தேன். அவர் அதைத் துண்டால் பிடி முதல் தலை வரை துடைத்து, இரண்டு கையாலும் டாக்டரிடம் நீட்டினார்.

"புடி தொரே. இனிமே நீதான் கேக்கணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். முறை அவருக்கு நான் சொன்னதுதான். மாற்றல் கடிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"கீய மட்டும் வெச்சிடாதே" என்றார் எட்டியப்பன்.

பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, கிழக்குச் சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வளைவை நோக்கி நேராக நடந்து போனார்.