எட்டாம் நம்பருக்கு ஒரு காகிதம்

எங்கள் வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை தடித்த உறை ஒன்று தபாலில் வரும். அது வந்த நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு என் மாமனாருக்கு வயிறு சரியிருக்காது. கல்யாணமாகி வந்த புதிதில், பாவம் மனுஷனுக்கு எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். உறைக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு மூன்றாம் வருஷம்தான் எனக்குப் பிடிபட்டது.

மாமனார் இளம் வயதில் பாராசூட் படையில் இருந்தவர். போரில் ஒரே ஒரு தடவை குதித்தார், காலை உடைத்துக்கொண்டு வீடு திரும்பினார். அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் சீட் தைக்கிற வேலை. கிழிந்த ரெக்ஸினை உரித்து, உள்ளே நைந்துபோன நாரைப் பிடுங்கிப் போட்டு, புது மெத்தை வைத்து இழுத்து அடிக்க வேண்டும். வாய் நிறைய சின்ன ஆணிகளைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பார். வாயில் ஆணி இருக்கிறவரை அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. அதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தாரோ என்று எனக்குப் பிற்பாடு தோன்றியது. ஆணி இல்லாத நேரத்திலும் ஆள் கல்லுளிமங்கன்தான்.

அந்த உறையின் கதை இது. ஒரே விமானத்திலிருந்து குதிக்க நின்றவர்கள் பன்னிரண்டு பேர். குதிக்கிற வரிசைப்படி ஆளுக்கு ஒரு நம்பர். மாமனார் ஏழு. போர் முடிந்ததும் ஒன்றாம் நம்பர்க்காரர் ஓர் ஏற்பாடு செய்தார். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி ஒரே கட்டாக வைப்பது. கட்டு ஒன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மூன்றுக்கு என்று குதித்த வரிசையிலேயே ஊர் ஊராகப் போவது. கையில் கிடைத்ததும் போன வருஷம் தான் எழுதிய பக்கத்தை உருவிவிட்டுப் புதுப் பக்கத்தை மேலே வைத்து அடுத்த நம்பருக்கு அனுப்புவது. செத்துப்போனவர்களின் நம்பரை வீட்டார் வைத்துக்கொள்ளலாம். வரிசையை மட்டும் மாற்றக் கூடாது. கட்டுக்கு வெளியே தனியாக யாரும் யாருக்கும் எழுதவும் கூடாது, அப்படி ஆரம்பித்தால் கட்டு செத்துப்போகும் என்று ஒன்றாம் நம்பர் சட்டம் போட்டிருந்தார். நாற்பத்தொரு வருஷமாக அந்தச் சட்டத்தை யாரும் மீறவில்லை. பதினோராம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை குடிப்பதும், நாலாம் நம்பருக்குச் சிறுநீரகக் கல் எடுத்ததும் எனக்கு என் சொந்தச் சித்தி வீட்டு விஷயத்தைவிட நன்றாகத் தெரியும்.

எட்டாம் நம்பர் அந்தக் குதிப்பிலேயே இறந்தவர். அவருடைய நம்பரை மனைவி வைத்திருந்தாள். அவர் போகும்போது அவள் ஆறு மாதம். ஏழுக்கு அடுத்தது எட்டு என்பதால் வருஷா வருஷம் கட்டை அவளுக்கு அனுப்ப வேண்டியவர் என் மாமனார். அவள் உறையைப் பிரித்ததும் முதலில் கண்ணில் படுவது இவர் எழுதிய பக்கம்தான்.

பேனா பிடித்தால் மாமனாருக்குக் கை நடுங்க ஆரம்பித்த வருஷம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவர் சொன்னதை எழுதினேன்: கூரை ஒழுகுகிறது, முழங்கால் வலிக்கிறது, டிப்போவில் புது வண்டிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் சீட் வந்துவிட்டது. எழுதி முடித்தபின் மற்றவர்கள் பக்கங்களைப் புரட்டினேன். எட்டாம் வீட்டம்மா ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மாடிப்படி ஏற முடிவதில்லை, மகள் கட்டிலைக் கீழே கொண்டுவந்து போட்டிருக்கிறாள், இதயத்துக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி மட்டும் தனியாக இருந்தது: "அன்றைக்குக் கதவருகே அவர் பக்கத்தில் நின்றவர்களுக்கு ஏதாவது நினைவு வந்தால் எழுதவும்."

இது என்ன என்று கேட்டேன். மாமனார் முகம் கடுத்தது. வருஷா வருஷம் இதே வரியைத்தான் எழுதுகிறாள், போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறாள், நீ கட்டை ஒட்டி அனுப்பு என்றார். ஒட்டி அனுப்பினேன். ஆனால் அந்த வரி என்னை விடவில்லை. கதவருகே அவள் புருஷன் பக்கத்தில் நின்றவர் இவர்தானே? நானும் சும்மா இருக்கிற ஜன்மம் இல்லை. இரண்டு மாதம் விடாமல் அரித்தெடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு நாற்காலிக்கு இருக்கை அடித்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி கேட்டதும், வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

பச்சை விளக்கு எரிந்தது. ஆறு பேர் குதித்துவிட்டார்கள். ஏழாவதாகப் போன இவர் கதவின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்றால், இவர் கணக்குக்கு நாலு விநாடி. பின்னால் நின்ற ஒன்பதாம் நம்பர் பதினொரு விநாடி என்கிறாராம். அதற்குள் விமானம் வயலைத் தாண்டி ஏரிக்கு மேலே போய்விட்டது. இவர் கரையோர நாணலில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். எட்டு நடுத்தண்ணீரில் விழுந்தார், முதுகு நிறையச் சுமையோடு. ஒன்பதாம் நம்பரை அதிகாரி கையை நீட்டித் தடுத்துவிட்டார். விமானம் ஒரு வட்டம் அடித்து வந்து மீதி நாலு பேரையும் சரியான இடத்தில் இறக்கியது.

"அவன் என்னைத் தள்ளியிருக்கணும்மா" என்றார். "முன்னாடி இருக்கறவன் நின்னுட்டா முழங்காலால இடிச்சுத் தள்ளிடணும்னுதான் பயிற்சி. அவன் தள்ளல."

"என்ன பண்ணார்?"

"தோள்ல கை வெச்சான். காதுகிட்ட வந்து, 'பதறாதீங்க அண்ணே, நான் பின்னாடியே வரேன்'னான். ஒரு துளி பயம் இல்ல அவன் குரல்ல. அப்புறந்தான் நான் கைய விட்டேன்."

காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று அவளிடம் சொல்வதாக மற்றவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அதை நாற்பத்தொரு வருஷம் பூசி மெழுகியும் வந்திருக்கிறார்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்த உயரத்தில் நான் நின்றிருந்தால் இன்னும் அந்தக் கதவையே பிடித்துக்கொண்டிருப்பேன். இதை எழுதுங்கள் மாமா, அவளுக்கு உடம்பும் சரியில்லை என்றேன். மென்று முழுங்கி, நாளைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் இழுத்தார். கடைசியில் ஒருநாள் வாசல் நிலைமேல் பார்வையை வைத்தபடி மொத்தத்தையும் சொன்னார். நின்றதையும் சொன்னார், காதில் கேட்டதையும் சொன்னார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பியது. மேலே "தங்கச்சிக்கு" என்று போடச் சொன்னார். அதற்கு மேல் மூலையில், ஆபீஸ் பழக்கத்தில், நான் தேதி போட்டேன்.

தபாலில் போட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் தாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"கட்டு வரட்டும்."

"கட்டு வர இன்னும் ஒன்பது மாசம் இருக்கு மாமா."

"முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? ஆறுகிட்டேருந்து வரட்டும். எட்டுக்கு அனுப்புவோம்."

ஒன்றாம் நம்பர் செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் போட்ட சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை என் மாமனாரைத் தவிர வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். சண்டை போட்டேன். என் புருஷனிடம் சொன்னால், அப்பா மனசு விட்டுப் பேசினதே பெரிசு, நீ தலையிடாதே என்றார். காகிதம் ஆணி டப்பாவுக்கு அடியில் போய் உட்கார்ந்தது.

அந்த வருஷம் பார்த்து ஆறாம் நம்பர் குடும்பம் வீடு மாறியது. ஒன்பது மாதத்தில் வர வேண்டிய கட்டு பதினோரு மாதம் கழித்து வந்தது. அதில் எட்டாம் வீட்டம்மாவின் பக்கம், கட்டு போன தடவை இங்கிருந்து போனபோது அவள் எழுதியது, எழுத்து கோணல் மாணலாக இருந்தது. நாலே வரி. வழக்கமான கடைசி வரியில் இரண்டே சொல் கூடியிருந்தது: "இந்தத் தடவையாவது எழுதவும்."

அதைப் படித்துக் காட்டியதும் மாமனார் எழுந்து அலமாரிக்குப் போனார். டப்பாவைத் தூக்கிக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கே அனுப்பினேன். அந்த வாரம் அவருக்கு வயிறு சரியாகவே இருந்தது. வாசலில் உட்கார்ந்து தபால்காரரை எதிர்பார்க்கக்கூடச் செய்தார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு மெல்லிய உறை வந்தது. உள்ளே நாங்கள் அனுப்பிய அதே காகிதம், அதோடு எட்டாம் வீட்டு மகளின் கடிதம். அவர் படிக்கச் சொன்னார், நான் வாய்விட்டுப் படித்தேன்.

"மாமாவுக்கு. அம்மா போய் ஐந்து வாரம் ஆகிறது. கட்டை ஒன்பதாம் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் கதவில் நின்றது அம்மாவுக்கு முதல் வருஷமே தெரியும். ஒன்பதாம் நம்பர் மாமா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். அதற்காக அம்மா உங்களை ஒருநாளும் திட்டியதில்லை. அப்பா கடைசியில் என்ன பேசினார், பயந்துபோயிருந்தாரா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும் என்பாள். நாற்பத்தொரு வருஷமும் அதைத்தான் கேட்டாள். இந்தக் காகிதத்தில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்தேன். பதினோரு மாதத்துக்கும் மேல் ஆகிறது. அன்றைக்கு அம்மா நன்றாகக் கண் தெரிந்து படித்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கு எழுதியது, நான் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் நம்பரை இனிமேல் அடித்துவிடுங்கள்."

மாமனார் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். ரொம்ப நேரம் நாற்காலியின் விளிம்பில் ஆணித் தலைகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். அழப்போகிறார் என்று நினைத்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தேதி எதுக்கும்மா போட்டே?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். வாய்வரைக்கும் வந்தது. நாற்பத்தொரு வருஷமாக ஒருத்தி கையேந்தி நின்றாள், கொடுக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், அதையும் டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு இப்போது தேதியைக் குறை சொல்கிறாரே என்று இருந்தது. ஆனால் கேட்கவில்லை. என் பள்ளிக்கூட ஆபீஸுக்கு அடுத்த கட்டடம் தபாலாபீஸ். அந்த டப்பா இருக்கிற அலமாரிக்குப் பூட்டு கிடையாது. பதினோரு மாதமும் தினம் இரண்டு வேளை அந்தத் தபால்பெட்டியைக் கடந்துதான் போனேன், வந்தேன். யாரும் என் கையைப் பிடித்து வைக்கவில்லை.

"பழக்கதோஷம் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

அடுத்த வருஷம் கட்டு வந்தபோது கூரையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் சொன்னார். எழுதினேன். வேறு எதுவும் சேர்க்கட்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உறையின் மேல் ஒன்பதாம் நம்பரின் விலாசத்தை எழுதினேன்.