முறிந்த அச்சும் மகன் கேட்ட கேள்வியும்

அறுவை சிகிச்சைக்கு உள்ளே போகும் முன் மகன் தினேஷ் என் கையை விடவில்லை. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவன் கால் முறிந்திருந்தது.

“ஸ்பீடா வந்திருப்பான் லா. சொன்னா கேட்டாத்தானே,” என்றார் என் கணவர்.

“இல்லப்பா, மெதுவாத்தான் வந்தேன். ஏதோ ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு, அப்புறந்தான் விழுந்தேன். மா, ஒடஞ்சத ஒங்க லேப்ல பாருங்க. நீங்க சொன்னா அப்பா நம்புவாரு.”

கதவு மூடியது. வண்டியைத் தூக்கிச் சென்ற வொர்க்‌ஷாப் அண்ணன், நாளிதழில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முன்சக்கர அச்சு, இரண்டாக.

நான் பொருள் இயற்பியல் படித்தவள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது என் வேலை. புதிதாகச் சேருபவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: உடைந்த முகங்களைப் பொருத்திப் பார்க்காதே, உரசினால் தடயம் போய்விடும்.

அன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் அந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கோடு தெரியாமல் பொருந்தின. பிரித்தேன், மறுபடி சேர்த்தேன். அவன் கால் இப்படி ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

மேலாளரிடம் அனுமதி வாங்கித் துண்டுகளை லேபுக்கு எடுத்துப் போனேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்த என் உதவியாளர் சங்கீதா சிரித்துவிட்டாள்.

“அக்கா, எந்த அறிவாளி இத சேத்துத் தேச்சது? ஒங்ககிட்ட மாட்டுனா செத்தான்!”

“நான்தான்மா.”

அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். உடைந்த முகத்தின் பெரும்பகுதி நசுங்கி வழவழத்திருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும், அலை பின்வாங்கிய மணலில் இருப்பதுபோல் வளைகோடுகள். உள்ளே துரு. மெல்ல வளர்ந்த பழைய விரிசல் அது.

வார்டில் சொன்னேன்: “விரிசல் பழசு. விழறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு.”

“அப்போ இவன் ஸ்பீடா வரலையா?”

“அத இரும்பு சொல்லாது.”

தினேஷ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். லேபில் அது நேர்மையான பதில். கட்டிலருகே அது பாதி பதில் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அவன் மெதுவாத்தான் வந்தான். நான் நம்புறேன்.”

“மைக்ரோஸ்கோப் இல்லாமலேவா? ப்பா, டாக்டர கூப்புடுங்க. அம்மாவுக்குத்தான் தலையில அடி.”

கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அடுத்த வண்டி சர்வீசுக்கு நானும் வர்றேன் லா,” என்றார்.

தினேஷ் இப்போது ஜொகூரில் வேலை பார்க்கிறான். மறுபடியும் மோட்டார் சைக்கிள்தான். வீட்டில் அவன் அறையில் மின்விசிறியைப் போட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பேன். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

லேபுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டாருக்கு ஏதாவது ஆனால், துண்டுகளை வேறொருவர் கையில் கொடுங்கள். உங்கள் கை உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்திருக்கட்டும்.