ஆம்ப்ரோஸ் திருத்திய பேய்ப்படம்

ஸ்ரீராம்புரத்தில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸை உலகம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. புரிந்துகொண்டிருந்தால் கடையை முன்னதாகவே மூடச் சொல்லியிருக்கும்.

ஒரு சுவரில் கேசட்டுகள். எதிர்ச்சுவரில் வாடகைக்கு விடும் மாத நாவல்கள்: பேய்க்கதை, விண்வெளிக் கதை, விண்வெளியில் பேய்க்கதை. அவ்வளவையும் படித்து அவர் ஒரு தத்துவத்தை அடைந்திருந்தார். நாவலில் பேய் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. படத்திலோ இடைவேளை வரை குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இது பேய்க்கு இழைக்கப்படும் அநீதி.

ஆகவே கேசட் ஓட்டும் டெக்குகள் இரண்டை ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடுவதை மற்றொன்றில் வேண்டிய மட்டும் பதிந்து, படங்களைத் திருத்தத் தொடங்கினார். பாட்டுகள் போயின. காதல் போயிற்று. ஒரு படத்தின் முடிவில் வேறொரு படத்தின் பறக்கும் தட்டு வந்து இறங்கிப் பேயை ஏற்றிக்கொண்டு போனது. லேபிளில் ‘திருத்திய பதிப்பு’ என்று சிவப்பு மையில் எழுதுவார். இதற்குப் பேட்டையில் கிராக்கி இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

புதுக் கேசட்டுக்கு வசதியில்லாததால், திருத்தி முடித்ததும் அசல் கேசட்டின் மேலேயே அடுத்த படத்தைப் பதிந்துவிடுவார். யாரும் அழிக்கக் கூடாதென்று கம்பெனியிலேயே கேசட்டின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டை உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் அழித்துவிடலாம்.

1994-இல் கோவிந்தப்பா இறந்தார். மில் தொழிலாளி. வாலிபத்தில் ஒரு கன்னடப் பேய்ப்படத்துக்குக் கும்பலில் நடிக்கப் போய், சவ ஊர்வலத்தில் பாடை சுமந்தவர். பிணமாக நடித்தவருக்கே தெரியாத நுணுக்கங்களை ஆயுள் முழுக்கப் பேட்டைக்காரர்களான எங்களுக்கு விளக்கி வந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி ருக்மிணி கடைக்கு வந்தார்.

“தம்பி, தங்கவயல்லேர்ந்து சொந்தக்காரங்க வந்திருக்காங்க. போட்டோல சும்மா உக்காந்தே இருக்காரு. அவரு நடக்கறத ஒரு தடவை பாக்கணும். அந்தப் படத்தை எடுத்துக்கினு வா. டிவியும் டெக்கும்தான்.”

ஆம்ப்ரோஸ் பெருமையோடு திருத்திய பதிப்பையே கொண்டுபோனார். எல்லோரும் பாயில் உட்கார்ந்தார்கள். திரையில் பண்ணையார் செத்தார். ஒரு நொடி கோடுகள் ஓடின. பண்ணையார் பேயாகிப் புளியமரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாப்பா இது? பொணத்த எடுக்கவே இல்ல, அதுக்குள்ள மரமேறிட்டாரு?” என்றார் ருக்மிணியின் தம்பி முனியப்பன்.

“ஊர்வலம் ரொம்ப இழுவைண்ணா. எடுத்துட்டேன்.” சொல்லும்போதே ஆம்ப்ரோஸுக்கு விளங்கிவிட்டது.

“முழுப்படம் எங்க?”

“அது மேல வேற படம் ஏத்திட்டேன். சந்திரனுக்குப் போற படம்.”

“த்தூ! எங்க மாமாவ அழிச்சிட்டு சந்திரனுக்குப் போறானாம் இவன்!”



அன்றோடு ஆம்ப்ரோஸ் திருத்துவதை நிறுத்தினார். மெஜஸ்டிக், சிவாஜி நகர், ஓசூர் என்று கேசட் கடைகளாக அலைந்தார். எல்லாக் கடையிலும் சிரித்தார்கள். அந்தப் படத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஆளே அவர் ஒருவர்தானாம்.

சில மாதம் கழித்து ருக்மிணி கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“கெடச்சுதா தம்பி?”

“இல்லக்கா.”

“சரி, நீ வெட்டுனதையே போடு.”

போட்டார். பண்ணையார் செத்தார். கோடுகள் ஓடின.

“இங்கதான இருந்தாரு?”

“ஆமாக்கா.”

“கடைசியா பாத்தவன் நீதான். எப்படி நடந்தாரு, சொல்லு.”

ஆயிரம் பேய்க்கதை படித்தவர். ஒரு நடையைக் கற்பனை செய்ய அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனால் வாயில் வந்தது உண்மைதான்.

“நான் அவரைப் பாக்கலக்கா. எங்க வெட்டறதுன்னு டெக்குல ஓடுற நம்பரைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

ருக்மிணி தலையாட்டினார். பேய் சிரிக்க ஆரம்பித்திருந்தது. சவுண்டை மட்டும் குறைக்கச் சொல்லிவிட்டு, படம் முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார்.