வெர்னா ஹாஸ்கலின் தப்பான யூகம்

மத்தியானம் ஒரு மணிக்கு வரும் டி.வி. சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்று வெர்னா ஹாஸ்கல் சொல்லிவிட்டால், எங்கள் ஊரில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஏரிக்கரையில் இருந்த அவளுடைய பியூட்டி பார்லரில் பதினெட்டு வருஷம் தலை அலசியவள் நான். முடி உலர்த்தும் ட்ரையர் கூண்டுக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு டி.வி.யில் வாயசைப்பு மட்டும்தான் தெரியும்; காற்று இரைச்சலில் ஒரு வார்த்தை காதில் விழாது. யார் யாரிடம் என்ன சொன்னாள் என்பதை வெர்னா கையில் சீப்போடு நின்று கத்திச் சொல்வாள். அதோடு விடாமல் அடுத்த மாதக் கதையையும் சொல்வாள். பத்தில் எட்டு பலித்துவிடும். அதற்கு அவள் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சம்பளம் தருகிறவள் என்பதால் நான் பொறுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை எபிசோடில் யாரையாவது ஆபத்தில் மாட்டிவிட்டு நிறுத்துவார்கள். முடிச்சு அவிழ்வது திங்கட்கிழமை. திங்கள் பார்லருக்கு விடுமுறை என்பதால், இரண்டு மணிக்கு சீரியல் முடிந்ததும் பாதி ஊர் வெர்னாவுக்கு போன் போடும். ஆனால் முதல் போன் அவளுடைய ஒரே மகள் ட்ரூடிக்குத்தான். கிளீவ்லாந்தில் மாலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவள் கூப்பிடுவாள். அம்மாவின் யூகத்தில் ஒரு ஓட்டையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்கு அன்று தூக்கம் வராது. மற்றவர்கள் இரண்டே காலுக்கு மேல்தான் கூப்பிடலாம். யாரும் எழுதிவைக்காத சட்டம், யாரும் மீறியதில்லை.

அந்த ட்ரூடி, டாரில் மெக்கார்டில் என்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். அவன் இரண்டு வருஷத்தில் மூன்று வேலை மாறியவன், ஓட்டை மோட்டார் பைக்கும் நல்ல சிரிப்பும் தவிர வேறு சொத்து இல்லாதவன். சீரியலில் இப்படிப்பட்டவன் வந்தால் என்ன ஆகும் என்று வெர்னாவுக்குத் தெரியாதா? கல்யாணத்தன்று காலை, பார்லரில் மகளுக்குக் கொண்டை போட்டுக்கொண்டே, எட்டுப் பெண்கள் கேட்கச் சொன்னாள்.

"எழுதி வெச்சுக்கோ. ஆறே மாசம். சிகரெட் வாங்கிட்டு வரேன்னு கிளம்புவான், அதோட ஆளு காலி."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன். ட்ரூடி கண்ணாடியில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இது என் கல்யாணம்மா. எபிசோட் இல்ல."

பாதிக் கொண்டையோடு எழுந்து அப்படியே சர்ச்சுக்குப் போய்விட்டாள். கல்யாணப் போட்டோவில் இடது பக்கத்து முடி தோளில் தொங்குகிறது.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவளிடமிருந்து போன் இல்லை. ஒரே ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வந்தது. மெம்ஃபிஸ் தபால் முத்திரை இருந்தது, முகவரி இல்லை. தொலைபேசி விசாரணையில் அந்தப் பெயரில் எண்ணே இல்லை என்றார்கள். வெர்னா மட்டும் திங்கட்கிழமை இரண்டு மணிக்கு போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதை விடவில்லை. இரண்டே காலுக்கு நான் கூப்பிடுவேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள். "ஓ, நீயா மேவிஸ்" என்பாள். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் சிரித்தது என் நெஞ்சை அறுக்கும்.

இந்தச் சமயத்தில்தான் சீரியலில் டாக்டர் கார்விக்கின் கார் பாலத்தை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. தேடியவர்களுக்கு ஒற்றை ஷூ கிடைத்தது. எங்களில் யாரும் கலங்கவில்லை. பிணத்தைக் காட்டாதவரை ஆள் சாகவில்லை. சீரியல் பார்க்கிறவர்களின் முதல் விதி அது, எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே வெர்னாதான். டாக்டர் எப்போது திரும்பி வருவார் என்பதுதான் ஊரில் பேச்சு.

அப்போது பார்த்து, சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் சீரியல் வாரப் பத்திரிகையில் வாசகர் யூகப் பகுதியில் ஒரு கடிதம் வந்தது. டாக்டர் கார்விக் செத்தது செத்ததுதான், இனி வரவே மாட்டார், அவர் மனைவி ரெஜினா நிம்மதியாக அவர் தம்பியைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. கீழே வெர்னா ஹாஸ்கல், ஒஹாயோ என்று பெயர்.

ஊர் சிரித்தது. முதல் வகுப்புப் பிள்ளைகூட இப்படி எழுதாது என்று தபால்காரரின் மனைவி ட்ரையருக்குள்ளிருந்தே கத்தினாள். வெர்னா அடுத்த தலைக்குச் சீப்பை எடுத்தாள். கடை மூடும்போது நான் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? பொணம் எங்கன்னு கேட்க மாட்டாங்களா?"

"கேட்கட்டும்னுதான் எழுதினேன்," என்றாள், துண்டை மடித்துக்கொண்டே. "அவ எந்த ஊர்ல இருந்தாலும் இந்தப் பத்திரிகைய வாங்காம இருக்க மாட்டா மேவிஸ். நான் தப்பா சொன்னா அவளால சும்மா இருக்க முடியாது. சின்னதுலேர்ந்தே முடியாது."

இருபது வருஷம் சேர்த்த பேரை, மகள் ஒரு வார்த்தை திட்டுவாளா என்று ஒரே கடிதத்தில் தூக்கி எறிந்திருந்தாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அன்றோடு போயிற்று.

இதழ் இதழாகப் பார்த்தோம். ஏழாவது வாரம், ஒரு புதன்கிழமை, அது வந்தது.

"ஒஹாயோ வெர்னா ஹாஸ்கலுக்கு: பிணத்தைக் காட்டாதவரை யாரும் சாகவில்லை என்பது என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ரெஜினாவின் கல்யாணத்தன்றே டாக்டர் வந்து நிற்பார். உங்கள் யூகம் இந்தத் தடவையும் தப்பு. ட்ரூடி மெக்கார்டில், மெம்ஃபிஸ்."

வெர்னா ட்ரையர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் அவன் பேரத்தான் போடறா பாரு. 'இந்தத் தடவையும்'னு எழுதியிருக்கா. அவன் ஓடல மேவிஸ். நான்தான் தப்பு." சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. தான் தோற்றதை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ரெஜினாவின் கல்யாணத்தில் சர்ச் கதவு திறந்தது. உள்ளே வந்த கால்களை மட்டும் காட்டி நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை அந்தக் கால்களுக்கு மேலே டாக்டர் கார்விக் தாடியோடு நின்றார். ட்ரூடி ஜெயித்துவிட்டாள்.

இரண்டே காலுக்கு வழக்கம்போல வெர்னாவுக்கு போன் போட்டேன். லைன் பிசி. நம் ஆட்களில் யாரோ சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டரைக்குப் போட்டேன், பிசி. மூன்று மணிக்குப் போட்டேன், அப்போதும் பிசி. சமையலறைக்குப் போய் அடுப்பில் இருந்த சூப்பை இறக்கி வைத்துவிட்டு வந்து நான்கு மணிக்கு மறுபடி போட்டேன். ரிசீவரைக் கீழே வைக்க மனசில்லாமல், அந்த பிசி சத்தத்தையே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.