ஹைடல்பேர்க்கில் ஆர் இருக்கினம்?

ஒரு ஊருக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். "அங்கை ஆர் இருக்கினம்?" அந்த ஊர் எப்படி இருக்கும், என்ன பார்க்கலாம், குளிருமா என்று ஒருவரும் கேட்பதில்லை. 1987ஆம் ஆண்டு கோடையில் ஜேர்மனியில் உள்ள ஹைடல்பேர்க் என்ற பழைய நகரத்துக்குப் போக நான் ஆசைப்பட்டபோது, இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப் போனது. அங்கே ஒருவரும் இல்லை, அதனால்தான் போகிறேன் என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவை ஒட்டிய ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம், ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். நானும் கணவரும் எண்பத்திரண்டிலேயே வந்துவிட்டவர்கள். அடுத்த வருடம் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு சோபா ஒரு நாளும் வெறுமையாய்க் கிடந்ததில்லை. எயார்போட்டில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஒருவர் வேலை எடுத்து அறை பார்த்துப் போனால், தலையணை உறை காய்வதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். வந்தவர்கள் பாவம், எங்கே போவார்கள்? அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன். சமைத்தது நான். கணவர் வாசலில் நின்று "வாங்கோ, வாங்கோ" என்றார். அவ்வளவுதான் அவர் பங்கு.

பகலில் நான் குளிர்காலக் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன். கோட்டுக்குக் கை பொருத்துவது என் வேலை. அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். என் பக்கத்து மெஷினில் இருந்த ஜேர்மன்காரி தான் இறைச்சி வாங்கும் கடையில் இருந்து வருடா வருடம் கொண்டுவந்து மாட்டுவாள். அதில் ஒரு மாதத்துப் படம் ஹைடல்பேர்க். கீழே ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே வளைவு வளைவாக ஒரு கல்லுப் பாலம், மேலே மலையில் பாதி இடிந்த சிவப்புக் கோட்டை. மாதம் முடிந்து அவள் தாளைத் திருப்பப் போனபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்து என் கையில் தந்தாள்.

அந்த வருடம் கணவரின் அக்கா மகளுக்கு லண்டனில் கலியாணம். இரண்டு கிழமை லீவு எடுத்துப் போவதாக முடிவு. லண்டனில் எனக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் கலியாண வீட்டைக் கண்டதில்லை. நான் கணவரிடம் கேட்டேன், அந்த இரண்டு கிழமையில் நாலு நாள் எனக்குத் தாருங்கள் என்று. லண்டனில் இருந்து ஹைடல்பேர்க், நீங்களும் நானும் மட்டும், ஒரு சின்ன ஹொட்டேல்.

"ஹொட்டேலோ? அங்கை ஆர் இருக்கினம்?" என்றார்.

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்குப் போறது?"

பாலத்தைப் பார்க்க என்றேன். பாலம் லண்டனிலும் இருக்கிறது என்றார். நான் விடவில்லை. ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துதான் அந்த நாலு நாளை அவரிடமிருந்து பிடுங்கினேன்.

ஜேர்மன்காரியும் நானும் சாப்பாட்டு நேரத்தில் பயணத்தைப் போட்டோம். அவள் சொன்னது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு ஒரு இடம், அதற்கு மேல் ஆசைப்படாதே. முதல் நாள் போய்ச் சேர்ந்து நித்திரை. இரண்டாம் நாள் பாலமும் ஆற்றங்கரையும். மூன்றாம் நாள் மலையேறும் குட்டி ரயிலில் கோட்டைக்கு. நாலாம் நாளுக்கு நான் ஒன்றும் வைக்கவில்லை. ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் சாய்ந்து உட்கார்ந்து கேக்கும் கோப்பியுமாய்ப் பொழுதைப் போக்குவது, வேறு யாரோ சமைத்ததைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். எனக்கு நாலு நாளிலும் பிடித்தது அந்த நாலாம் நாள். மெஷினில் இருக்கும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

செய்தி கட்டடத்தில் பரவியது. பரப்பியது அப்போது எங்கள் சோபாவில் இருந்தவர் என்று சொல்லத் தேவையில்லை. ஆறாம் மாடி அன்ரி ஒரு பை மிளகாய்த்தூளோடு வந்தா. மகன் ஸ்ருட்கார்ட்டில், பக்கந்தானே பிள்ளை, ஒருக்கால் குடுத்துவிடன் என்றா. இன்னொருவர் பெர்லினில் உள்ள மருமகளுக்கு அரைக்கைச் சுவெட்டர் கொண்டுவந்தார். ஜேர்மனி முழுவதும் நாலு வீடுள்ள ஒரே ஒழுங்கை என்று நினைத்தார்களோ என்னவோ. கீழ்மாடி அங்கிள் விசா விஷயத்தில் எல்லோருக்கும் புத்தி சொல்பவர். அவர் கணவரைப் பிடித்து வைத்து, "சும்மா ஊர் பாக்கப் போறம் எண்டால் எந்த மடையன் நம்புவான்? சொந்தக்காரர் ஆரும் இருக்கினம் எண்டு சொல்லும்" என்றார். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த என் கையைச் சொல்ல வேண்டும்.

கணவருக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் உண்மை. மனிசியைக் கூட்டிக்கொண்டு யாருமே இல்லாத ஊருக்குப் போய், காசு கொடுத்து ஹொட்டேலில் படுப்பதைப் பற்றி வெளியில் சொல்ல அவரால் முடியவில்லை. இரவிரவாக ரெலிபோன் எடுத்தார். எங்கள் ஆட்கள் இல்லாத ஊர் என்று நான் தேடிப் பிடித்த ஊரில், ஒரு கிழமைக்குள் அவர் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய சின்னம்மாவின் மகன், இருபத்திநாலு வயதுப் பெடியன், ஹைடல்பேர்க்கின் ஓரத்தில் ஒரு அகதி விடுதியில் இரண்டு வருடமாக இருக்கிறானாம்.

"நாலாம் நாள் உமக்குச் சும்மாதானே கிடக்கு" என்றார்.

"சும்மா இருக்கத்தானே அந்த நாள்!" என்று கத்தினேன். "உங்கடை சின்னம்மான்ரை மகன், பெரியம்மான்ரை பேரன் எல்லாரையும் அஞ்சு வருஷமாப் பாக்கிறன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆரின்ரையும் முகத்தைப் பாக்காமல் இருக்க விடமாட்டியளோ?"

"பாவமப்பா, தனிய இருக்கிறான்."

தனியாக இருப்பது எவ்வளவு நல்லது என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன். கடைசியில் ஒரு மத்தியானச் சாப்பாடு மட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்த எரிச்சலில் அன்றைக்கு இரவு சோற்றுக்கு உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

விசாக் கந்தோரில் இருவரையும் கூப்பிட்டார்கள். எங்களிடம் இருந்தது இலங்கைப் பாஸ்போட். லண்டன் விசா ஏற்கனவே குத்தியாயிற்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஹொட்டேல் பதிவைப் பார்த்தாள், ரிக்கற்றைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து, அங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் இந்த ஒரு கேள்வியைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ!

நான் பதில் சொன்னேன். ஒருவரும் இல்லை, பாலத்தையும் கோட்டையையும் பார்க்கப் போகிறோம், நாலே நாள். கலண்டர் படத்தைப் பற்றியும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தான் அந்த ஊரில் படித்தவள் என்றாள். முத்திரையை எடுக்கக் கை போய்விட்டது. நான் என் கண்ணால் கண்டேன்.

அப்போதுதான் என் கணவர் தொண்டையைச் செருமினார். "இல்லை, இல்லை. ஆள் இருக்கு. என் தம்பி முறையான ஒருவர் அங்கே இருக்கிறார்" என்று இங்கிலீசில் சொன்னார். அந்தப் பெண் எங்களைக் கேட்பார் இல்லாத ஆட்கள் என்று நினைத்துவிடுவாளே என்ற கவலை அவருக்கு. ஏதோ சம்பந்தம் பேச வந்த வீட்டில் குடும்பத்தைச் சொல்வது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

தம்பி என்ன செய்கிறார் என்று அவள் கேட்டாள். அகதி விடுதியில் இருக்கிறார் என்றார். அதோடு அந்தச் சிரிப்புப் போய்விட்டது. என்னைப் பார்த்து, ஒருவரும் இல்லை என்றீர்களே என்றாள். ஜேர்மனியில் இருந்து எங்கள் பெடியள் எப்படியோ கனடாவுக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு பேராய்ப் போய் மூன்று பேராய்த் திரும்பி வருவோம் என்று அவள் நினைத்திருப்பாள். பாஸ்போட் இரண்டும் தபாலில் வந்தன. உள்ளே ஜேர்மன் முத்திரை இல்லை.

அன்றைக்குக் கந்தோரில் இருந்து வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே அவர் சொன்னார், நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று. அரிச்சந்திரன்! அஞ்சு வருடமாகக் கட்டட மனேஜரிடம் இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து லண்டன் போய் வரும் வரைக்கும் அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. லண்டனில் அந்த நாலு நாளும் கலியாண வீட்டுக் குசினியில் பலகாரம் சுட்டேன். நாலாம் நாள் பயித்தம் பணியாரம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, இப்போது ஆற்றங்கரையில் இருந்திருப்பேன் என்று நினைத்து நினைத்து ஆத்திரப்பட்டேன். திரும்பி வந்ததும் கலண்டர் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அந்தச் சின்னம்மா மகன் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தான். எப்படி வந்தான் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கே வந்தான் என்றும் கேட்கத் தேவையில்லை. எங்கள் சோபாவுக்குத்தான். மெலிந்த, அதிகம் பேசாத பெடியன். அவனைக் கண்டதுமே எனக்குக் கோபம் வந்தது. அவன் ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரியும். தெரிந்தும் வந்தது. என் நாலாம் நாளைச் சாப்பிட்டவன் என்றுதான் அவனைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது, குத்தலாகத்தான் கேட்டேன். "தம்பி, கோட்டையெல்லாம் நல்ல வடிவோ? அங்கை இருந்தனீர்தானே."

"ஒரே ஒரு நாள்தான் மச்சாள் பாத்தனான்" என்றான். "நீங்கள் வாறமெண்ட அண்டைக்கு."

என் கை கரண்டியோடு நின்றது.

"அதுக்கு முந்தி ரண்டு வருஷமா ரவுணுக்குள்ளை போனதில்லை. என்னத்துக்கு நிக்கிறாய், ஆரிட்டைப் போறாய் எண்டு பொலிஸ் கேட்டால், சொல்ல ஒண்டும் இல்லையே. அண்ணை ரெலிபோன் கோல் எடுத்து, பாலத்தடியிலை நில், நாலாம் நாள் மத்தியானம் வாறம் எண்டு சொன்னவர். உங்களுக்குக் காட்டவேணும் எண்டு காலமையே போய் எல்லாம் நடந்து பாத்தன். கோட்டை, கடைத்தெரு, எல்லாம். பாலத்தடியிலை ஒரு குரங்குச் சிலை இருக்கு. அதுக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். கோழிக்கறியும் சோறும் மூண்டு பேருக்குக் கட்டிக்கொண்டு போனன். பொலிஸ்காரன் ஒருத்தன் வந்து கேட்டவன். கனடாவிலை இருந்து என்ரை ஆக்கள் வருகினம் எண்டு சொன்னன். சரி எண்டு போட்டான். அண்டைக்கு முழுக்க ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. இருட்டும் மட்டும் வாங்கிலை இருந்தனான், மச்சாள். விளக்குப் போட்டாப் பிறகு கோட்டை நல்ல வடிவு."

நான் கணவரைத் தேடினேன். ஆள் குசினிக்குள் போய்விட்டிருந்தார். பின்னால் போய்க் கதவைச் சாத்தினேன். இரண்டு வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது.

"அந்தப் பிள்ளை இருட்டும் மட்டும் சோத்துப் பார்சலோடை இருந்திருக்கு. வரேல்லை எண்டு ஒரு கோல் எடுக்க உங்களுக்குக் கை முறிஞ்சு போச்சோ? விசாக் கந்தோரிலை வந்த வாய் அண்டைக்கு எங்கை போனது?"

அவர் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எடுத்தால் ஏன் எண்டு கேப்பான்" என்றார். "விசா தரேல்லை எண்டு சொன்னால், ஏன் தரேல்லை எண்டு கேப்பான். நீ அங்கை இருக்கிறதாலைதான் எண்டு எப்பிடியப்பா அவனுக்குச் சொல்லுறது?"

கொஞ்சமாவது யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். ஆயிரம் பொய் இருக்கிறது. இந்த மனிதருக்கு வேண்டிய இடத்தில் பொய் வராது, வேண்டாத இடத்தில் உண்மை வரும். அதைச் சொல்லித் திட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் வெளியில் இருந்து அவன் குரல் கேட்டது.

"மச்சாள், நான் கேக்க வேணும் எண்டு நினைச்சனான். அண்டைக்கு நீங்கள் ஏன் வரேல்லை?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் கதவைத் திறந்துகொண்டு போய் அவன் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

"எனக்கு வேலையிலை லீவு தரேல்லை, தம்பி."

"நாலு நாள்தானே. அவையளை நல்லா ஏசிப் பேசியிருக்கலாமே, மச்சாள்."

"பேசினனான்" என்றேன்.