ராக்கையாவின் வாசகர்கள்

மாடிப்படித் திருப்பத்தில் நின்று, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு ராக்கையா மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கட்டிடம் அவருடைய ரூட்டிலும் இல்லை. கையில் கனமான அட்டைப்பெட்டி வேறு. ஆனாலும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் மீட்டரைத்தான் தேடும். அதன் சக்கரம் சுற்றினால்தான் உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் மனசு நம்பும்.

"இன்னைக்குமாண்ணே ரீடிங்கு? மேல வாங்க" என்று மாடியிலிருந்து பலவேசம் குரல் கொடுத்தார்.

தேனி அல்லிநகரத்தில் பலவேசம் நடத்துகிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அது. மெஷின்களுக்கு உறை மாட்டி ஒரு சுவரோரம் ஒதுக்கியிருந்தார். மீதி மேஜைகளில் செய்தித்தாள் விரித்திருந்தது. கதவில் சிவப்பு மையால் 'படக்கதைச் சந்தை – அனைவரும் வருக' என்று எழுதி ஒட்டியிருந்தது. சந்தை என்றால் மொத்தம் ஆறு மேஜை. சொந்தமாகக் கதை யோசித்து, ஸ்டென்சில் தாளில் ஊசிமுனையால் படம் கீறி, டூப்ளிகேட்டரில் நாற்பது ஐம்பது பிரதி ஓட்டித் தபாலில் அனுப்பிவைக்கும் ஆறு பேர். எழுத்தில் மட்டும் பழகியவர்கள் முதல் தடவையாக முகம் பார்க்கிறார்கள். போடியில் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் குருசாமி ராக்கெட் கதை போடுகிறார். கூடலூர் டிராயிங் மாஸ்டர் ஒருவர் யானைக் கதை. பலவேசத்தினுடையது துப்பறியும் கதை. அதில் கொலைகாரன் எப்போதும் டைப் அடித்து மாட்டிக்கொள்வான்.

ராக்கையாவுக்கு நாற்பத்தாறு வயது. கரண்டு ஆபீசில் ரீடிங் எடுக்கிற வேலை. ஆண்டிபட்டியிலிருந்து வருசநாட்டுப் பள்ளத்தாக்கு வரைக்கும் சைக்கிளில் சுற்றுவார். வீட்டுக்காரர் பேர் போட்டு மாட்டியிருக்கும் மீட்டர் அட்டையை எடுத்து எண்ணைக் குறித்துவிட்டு, திரும்பத் தொங்கவிட்டு, அடுத்த வாசலுக்குப் போவார். அவருக்கு நாலாயிரம் வாசல் தெரியும். நாலாயிரம் வாசலிலும் அவர் பேரைத் தெரிந்தவர் ஒருவர் கிடையாது. "ரீடிங்கு வந்துருக்கு" என்று உள்ளே பார்த்துச் சொல்வார்கள், மழை வந்திருக்கிறது என்பதுபோல. யார் என்ன சொன்னாலும் "குறிச்சுக்கிட்டேன்" என்பார். மோர் வேண்டுமா என்று கேட்டால்கூட அதுதான் பதில். கேட்டவர்கள் குழம்பிப்போய் உள்ளே போய்விடுவார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருடமே மனைவியைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அந்த ஒற்றை அறையில் அவரிடம் பேசியது ரேடியோ மட்டும்தான்.

அந்த அறையில் பிறந்தவன்தான் 'லைன்மேன் லிங்கம்'. எந்த ஊரில் விளக்கு அணைகிறதோ அந்த ஊருக்குப் போய், இருட்டில் நடக்கிற அநியாயத்தைக் கண்டுபிடித்து, கம்பத்தில் ஏறி வெளிச்சம் கொடுத்துவிட்டு வருவான். முதல் புத்தகம் நாற்பது பிரதி தபாலில் போனது. மூன்று மாதம் ராக்கையா தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் காத்திருந்தார். நன்றாயிருக்கிறது என்று வேண்டாம், நாசமாயிருக்கிறது என்றாவது யாரேனும் எழுதக்கூடாதா? ஒரு கார்டு வரவில்லை.

இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'வாசகர் கடிதம்' என்று தலைப்புப் போட்டு அவரே ஒன்றை எழுதினார். பெயர் வேண்டுமே. அன்றைக்கு ரீடிங் எடுத்த நோட்டு பக்கத்தில் கிடந்தது. கஸ்தூரியம்மாள், மயிலாடும்பாறை. அடுத்த புத்தகத்தில் மூன்று கடிதம். கடைசியாகப் போட்ட ஏழாம் புத்தகத்தில் பாராட்டும் கண்டிப்பும் கலந்து ஒன்பது கடிதங்கள். எழுதும்போது யாரோ வந்து எதிரில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் தூங்குவார்.

மற்ற ஐந்து பேருக்கும் அந்தப் பக்கத்தின் மேல் ஒரு ஏக்கம் உண்டு. அவர்களுக்கும்தான் கடிதம் வருவதில்லையே. ராக்கையாவுக்கு வாசலருகே முதல் மேஜையைக் கொடுத்திருந்தார்கள். குருசாமி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஊரு ஊருக்கு ஆளு வச்சிருக்கீகளேண்ணே, ஒங்க மச்சம் எங்கன இருக்கு?" என்று கேட்டதும் ராக்கையாவின் காது மடல்கள் சிவந்தன. அந்த நாற்காலியில் அவர் ஒரு ராஜாவைப்போல் உட்கார்ந்தார். அரை மணி நேரம்.

"அண்ணே, ஒங்ககிட்டச் சொல்லாம ஒரு காரியம் செஞ்சிருக்கேன்" என்றார் பலவேசம், முகமெல்லாம் பல்லாக. "ஒங்க வாசகரு இருக்காகள்ல, கடைசிப் பக்கத்துல பேரும் ஊரும் பாத்து, அம்புட்டுப் பேருக்கும் கார்டு போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம வந்துருங்க, ராக்கையா அண்ணனைப் பாக்கலாம்னு!"

ராக்கையா "குறிச்சுக்கிட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மேஜையை விட்டு எழவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தார். முதலில் வந்தது டீக்கடை ஆள். பிறகு டைப் கற்கும் பெண்கள் இரண்டு பேர், யானைப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். விட்டுப் போய்விடலாமா என்று நினைத்தார். போனால் எங்கே போவது? தன்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இந்த அறையில்தான் இருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும்போது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று பெருமூச்சு விட்டார். அடுத்த கணமே அந்தப் பெருமூச்சு அவரைக் குத்தியது. ஒன்பது பேரில் ஒருவர்கூட வரவில்லையே!

மூன்று மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், வெறும் கழுத்து, கையில் ஒரு தபால் கார்டு.

"இங்கன யாரு பலவேசம்? கடமலக்குண்டுலருந்து வாரேன். எம்பேரு பவுனு. எங்க வீட்டுக்காரரு பேருக்கு இந்தக் கார்டு வந்துச்சு. தபால்காரருதேன் படிச்சுச் சொன்னாரு."

"சுருளியாண்டி ஐயா வீடா!" பலவேசம் ஓடிவந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஐயா வரலையாம்மா?"

"அவரு தவறி ஆறு வருசமாச்சு தம்பி." அவள் உட்காரவில்லை. "ஆறு வருசங் கழிச்சு அவரு பேரச் சொல்லி ஒரு கார்டு வருது. அவரத் தெரிஞ்சவுக யாரோ தேனியில இருக்காகன்னு பஸ்ஸேறி வந்தேன். அவரப் பத்தி ரெண்டு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு. யாருக்குப்பா அவரத் தெரியும்?"

குருசாமி மெல்ல ராக்கையாவின் மேஜையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். போன மாசி மாதப் புத்தகம். உரக்கவே படித்தார்:

"'லிங்கம் கம்பத்தில் ஏறும் இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. விளக்கை அணைக்காமல் படித்ததால் என் வீட்டில் என்னை ஏசினார்கள். – சுருளியாண்டி, கடமலைக்குண்டு.'"

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே!" என்றாள் பவுனு.

"ஏலே பலவேசம்" குருசாமி சிரித்தார். "ராக்கையா அண்ணனுக்குச் சுடுகாட்டுலருந்தெல்லாம் தபால் வருதுலே! நம்ம புத்தகத்த உசுரோட இருக்கவனே வாங்க மாட்டேங்குறான்!"

ஒருவர் இருவராக எல்லோரும் சிரித்தார்கள். பலவேசம் மட்டும் சிரிக்கவில்லை. ஏதாவது சொல்லுங்களேன் என்று கெஞ்சுவதுபோல் ராக்கையாவையே பார்த்தார். முன்பே வந்த கடிதம், தாமதமாகப் போட்டேன் என்று ஒரு பொய் ராக்கையாவின் நாக்கு நுனி வரை வந்தது. எதிரில் அந்தப் பெண் கார்டைப் பிடித்தபடி நின்றாள். பொய் அங்கேயே செத்தது.

எழுந்து நின்றார்.

"நாந்தேன் எழுதுனேன். இது மட்டுமில்ல, ஒம்பதும் நாந்தேன். ஒருத்தரும் எனக்குக் கடுதாசி போட்டதில்ல." பிறகு அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்கம்மா. அவுகள எனக்குத் தெரியாது. ஒங்க வீட்டு மீட்டர் அட்டையில இருந்த பேரு. தவறிட்டாகன்னு தெரியாமப் போச்சு" என்றார்.

சிரிப்பு நின்றது. குருசாமி புத்தகத்தை மேஜையில் போட்டுவிட்டுத் தன் ராக்கெட்டுகளிடம் போனார். டிராயிங் மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பலவேசம் ஒரு டைப்ரைட்டர் உறையின் மடிப்பை நீவ ஆரம்பித்தார், நீவிக்கொண்டே இருந்தார்.

பவுனு ராக்கையாவை உற்றுப் பார்த்தாள். "நீங்க ரீடிங் எடுக்க வாரவுகள்ல? பேர மாத்தணும்னு எல்லாருஞ் சொன்னாக. நாந்தேன் மாத்தல. வீட்டுல அவரு பேரு இருக்குற எடம் அது ஒண்ணுதேன்." கையிலிருந்த கார்டை ஒரு தடவை பார்த்தாள். "அது கெடக்கட்டும். வெளக்க அணைக்கலைன்னு நான் ஏசுவேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"யாருஞ் சொல்லலம்மா" என்றார் ராக்கையா. "அப்படி ஏசுறதுக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமேன்னு எழுதுனேன்."

வந்தது வீணாகிவிட்டது என்பது அவள் தோளில் தெரிந்தது. கடமலைக்குண்டு பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் மேஜையில் கிடந்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். எழுத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை வைத்து, படம் படமாக நகர்ந்தாள். இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் விரல் ஓரிடத்தில் நின்றது. புருவம் சுருங்கியது.

தன் புத்தகத்தை ஒருவர் படித்து ராக்கையா பார்த்ததே இல்லை. எந்தப் படம் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தன் தலையின் நிழல் அந்தப் பக்கத்தின் மேல் விழுந்திருப்பதைக் கண்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், ஓரடி விலகி நின்றார்.